கோப்பில் இல்லாத புகைபோக்கி

லாண்டரி அக்காவின் மொட்டை மாடியில் பத்துக் கயிறுகள் உண்டு. கயிற்றுக்குப் பதினான்கு வீதம் நாள்தோறும் நூற்று நாற்பது வெள்ளை விரிப்புகள் அங்கே காயும். எல்லாம் பக்கத்து மருத்துவமனையிலிருந்து வருபவை. காலையில் வண்டியில் வந்து, மறுநாள் காலையில் வண்டியில் திரும்பிப் போகும். இடையில் அக்கா துவைப்பார், அக்காவின் கணவர் இஸ்திரி போடுவார். பதினோரு வருடமாக இதில் ஒரு குறையும் கிடையாது. கணவர் அவ்வப்போது ஒன்றை எரித்துவிடுவதைக் குறை என்று சொன்னால் அவர் வருத்தப்படுவார்.

மாடியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம், கழிவு பிளாஸ்டிக்கை எரிபொருளாக மாற்றும் நிறுவனம் ஒன்று வந்தது. வாசலில் 'இன்று குப்பை, நாளை எரிபொருள்' என்று ஆளுயரப் பலகை. அந்தப் பலகை வைத்து மூன்று வருடம் ஆகிறது. நாளை இன்னும் வரவில்லை. பலகையை மாற்ற மறந்துவிட்டார்கள் என்று தெருவில் உள்ளவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த நிறுவனத்துக்கு ஒரு புகைபோக்கி இருந்தது. அக்காவின் மாடியைப் போல நாலு மடங்கு உயரம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தது. காலை ஒன்பது மணிக்கு அது புகைய ஆரம்பிக்கும். போன மாதக் கடைசியில் காற்று மாடிப் பக்கம் திரும்பியதிலிருந்து, புகையோடு மிளகு மிளகாகக் கருந்துகள்கள் கிளம்பி வந்து, நூற்று நாற்பது விரிப்பிலும் பாரபட்சம் பார்க்காமல் உட்காரும். தட்டினால் இழுபடும். இழுபட்டால் போகாது.

ஒன்பதாம் தேதி தலைமைச் செவிலியர் நேரிலேயே வந்துவிட்டார்.

"என்ன அக்கா இது? நேத்து ஆபரேஷனுக்குப் படுக்க வந்தவர் விரிப்பைப் பார்த்தார். 'இதுல ஏற்கெனவே யாரையோ எரிச்சிருக்கீங்க'ன்னு சொல்லிட்டு எழுந்து வீட்டுக்குப் போயிட்டார். முட்டி ஆபரேஷன். ஓடியே போனார்."

"நான் வெள்ளையாத்தாம்மா துவைக்கிறேன். காயறப்பத்தான் கறுக்குது."

"அப்ப உள்ளே காயப்போடுங்க."

"வெயில்ல காய்ஞ்சாத்தான் எடுத்துக்குவோம்னு உங்க விதியிலேயே இருக்கே?"

"ஆமா, அதுவும் இருக்கு." செவிலியர் கொஞ்ச நேரம் தன் விதியையே முறைத்துப் பார்ப்பதுபோல நின்றார். "இங்க பாருங்க. முப்பதாம் தேதி நானே வந்து நூத்தி நாப்பதையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பேன். ஒரே ஒரு புள்ளி இருந்தாலும் வேற லாண்டரிதான். என் மேல கோபப்படாதீங்க."

தெருவில் எல்லார் வீட்டிலும் துணி துவைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. மருத்துவமனையும் போய்விட்டால் அக்காவிடம் பத்துக் கயிறும் ஒரு இஸ்திரிப் பெட்டியும் கணவரும்தான் மிஞ்சுவார்கள். மூன்றில் எதையும் வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது.

அக்கா நேராக நிறுவனத்தின் வாசலுக்குப் போனார். காவலாளி இருமிக்கொண்டே எழுந்து வந்தார்.

"உங்க புகையை என் துணி மேல விடாதீங்கன்னு சொல்ல வந்தேன்."

"புகையா? எங்க கம்பெனியில புகையே கிடையாதே அக்கா."

"கொஞ்சம் மேலே பாருங்க."

"மேலே பார்க்கறது என் டூட்டி இல்ல. கேட்டைப் பார்க்கறதுதான் என் டூட்டி." அவர் மறுபடி இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழவழப்பான ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். "புகைன்னு யார் வந்தாலும் இதைக் கொடுக்கச் சொல்லியிருக்காங்க. நாற்பத்தேழாம் பக்கம்."

அது நிறுவனம் தன்னைப் பற்றி வருடந்தோறும் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கும் வெளிப்பாட்டு அறிக்கை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நாற்பத்தேழாம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: 'எமது ஆலையில் புகைபோக்கி இல்லை. புகைபோக்கி இல்லாத இடத்தில் புகை இருக்க வாய்ப்பில்லை.' அட்டையில் ஆலையின் படம். புகைபோக்கி நிற்கும் இடத்தில், அதே உயரத்தில், ஒரு பச்சை மரம் நின்றது.

வீட்டில் அக்காவின் கணவர் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், நெடுநேரம் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"மரம் நல்லா இருக்கு. எப்ப வெட்டினாங்க?"

அக்கா அறிக்கையின் பின்னட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு வட்ட முத்திரை. 'நுண்ணாய்வு செய்யப்பட்டது.'

நிறுவன வெளிப்பாடுகள் நுண்ணாய்வு அலுவலகம் அதே தெருக்கோடியில், மூன்றாம் மாடியில் இருந்தது. பத்தாம் தேதி காலை அக்கா போனபோது வரிசையாகப் போட்ட மேசைகளில் அதிகாரிகள் குனிந்து கிடந்தார்கள். மேசைக்கு ஒரு பூதக்கண்ணாடி, ஒரு அளவுகோல். ஒருவர் பக்க ஓரத்தின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார். இன்னொருவர் ஓர் அறிக்கையின் முற்றுப்புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அக்கா வணக்கம் சொன்னதும் அவருக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. பெருமூச்சு விட்டுவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

ஜன்னல் கண்ணாடிகள் எல்லாவற்றுக்கும் பச்சை வண்ணம் பூசியிருந்தது.

பிரிவு அலுவலரை எல்லோரும் 'நூறு சார்' என்றார்கள். ஓர் அறிக்கையில் உள்ள சதவீதங்களைக் கூட்டி நூறு வருகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. இருபத்திரண்டு வருடமாக அதைச் செய்கிறார். ஒருமுறை தொண்ணூற்றொன்பது வந்து, ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தாராம்.

"சார், எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற கம்பெனி…"

"நிறுவன எண் பன்னிரண்டு. தங்கமான அறிக்கை." நூறு சார் கோப்பைப் பிரித்தார். "ஒரு டன் பிளாஸ்டிக் உள்ளே போனா என்ன ஆகுதுன்னு எழுதியிருக்காங்க பாருங்க. எரிபொருள் ஐம்பத்தஞ்சு சதவீதம். வாயு இருபது. கரி பத்து. நம்பிக்கை பதினஞ்சு. கூட்டுங்க."

அக்கா மனத்துக்குள் கூட்டினார். "நூறு வருது சார்."

"அவ்வளவுதான்!"

"ஆனா சார், புகைபோக்கி இல்லைன்னு எழுதியிருக்காங்க. அது இருக்கு. இந்த ஜன்னலைத் திறந்தா இங்கேயிருந்தே தெரியும்."

"அதனாலதாம்மா பெயின்ட் அடிச்சிருக்கோம். வெளியே பார்த்தா முன்முடிவு வந்துடும், நடுநிலை கெட்டுடும். போன வருஷம் ஒரு உதவியாளர் டீ குடிக்கக் கீழே போனவர் தெரியாம அண்ணாந்து பார்த்துட்டார். நல்ல மனுஷன். என்ன பண்றது, வேற துறைக்கு மாத்திட்டோம்."

"அப்ப அவங்க எழுதினது உண்மையா பொய்யான்னு யாரு சார் பார்ப்பாங்க?"

நூறு சார் அக்காவைப் பரிவோடு பார்த்தார்.

"உண்மைங்கறது அவங்க சொந்த விஷயம்மா. அதுல அரசாங்கம் மூக்கை நுழைக்க முடியாது. ஒரு நிறுவனம் சொன்னா நாங்க ஏத்துக்குவோம். சொன்னதை ஒழுங்கா சொல்லியிருக்காங்களான்னு மட்டும் பார்ப்போம். போன வருஷமும் புகைபோக்கி இல்லைன்னு சொன்னாங்க. இந்த வருஷமும் இல்லைன்னு சொல்றாங்க. ஒரு வார்த்தை மாறலை. இந்தக் காலத்துல அப்படிச் சொன்ன சொல் மாறாதவங்க எங்கே கிடைப்பாங்க?"

"நான் சொன்னா ஏத்துக்க மாட்டீங்களா?"

"நீங்க தனி ஆளாச்சே."

புகார் கொடுக்கப் படிவம் உண்டா என்று அக்கா கேட்டார். ஜன்னலோரத்து மேசையில் இருந்த படிவக்காரம்மா எழுந்து வந்தார். அந்த அலுவலகத்தில் கையில் அளவுகோல் இல்லாத ஒரே ஆள் அவர்தான்.

"புகார்ப் படிவம் கிடையாதும்மா. படிவம் ஒன்பதுதான் இருக்கு."

"ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும்?"

"இன்னும் வரலை. ஒன்பது முதல்ல வந்துடுச்சு. மனசுல இருக்கறதை இதுலயே எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. வெறுங்கையோட போகாதீங்க."

படிவம் ஒன்பது நிறுவனங்களுக்கு உரியது என்று மேலே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அக்கா அதைப் படித்தார். படித்தாலும், படிவம் என்று ஒன்று கைக்கு வந்துவிட்டால் எந்தக் கேள்வியையும் விடாமல் பதில் எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து கை வலிக்க எழுதினார்.

மூலப்பொருள் என்ற இடத்தில், அழுக்கு விரிப்பு, நாளொன்றுக்கு நூற்று நாற்பது. விளைபொருள், சுத்தமான விரிப்பு, நேற்றைய கணக்கு நூற்று முப்பத்தொன்பது. இழப்பு, ஒன்று. இழப்புக்குக் காரணம், இஸ்திரி போடும்போது என் வீட்டுக்காரர் பூனையை வேடிக்கை பார்த்தது. தயாரித்த எரிபொருள், இல்லை. புகை, உண்டு, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. எதிர்கால இலக்கு, முப்பதாம் தேதிக்குள் புள்ளி இல்லாத விரிப்பு.

படிவக்காரம்மா வாங்கி முத்திரை குத்தினார். முத்திரை குத்தும்போது அவர் லேசாகச் சிரித்ததுபோல அக்காவுக்குத் தோன்றியது.

பதினேழாம் தேதி கடிதம் வந்தது. அக்கா மாடியில் பதினோராவது தடவையாக அதே கயிற்றுத் துணிகளை உதறிக்கொண்டிருந்தார். கணவர் கீழேயிருந்து உரக்கப் படித்தார்.

"பொருள்: கழிவிலிருந்து எரிபொருள், நிறுவன எண் முப்பத்தெட்டு, வெளிப்பாடு, நுண்ணாய்வு, தொடர்பாக. பார்வை: தங்கள் படிவம் ஒன்பது. அம்மையீர், உள்ளே போன எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் ஒத்துப்போவது இவ்வலுவலக வரலாற்றில் இதுவே முதல்முறை. இழப்புக்குக் காரணம் தெரிவித்த முதல் நிறுவனமும் தாங்களே. தங்கள் நேர்மை கண்டு அதிகாரிகள் இருவர் தேநீர் இடைவேளையிலும் பணிபுரிந்தனர். இருப்பினும் பின்வரும் விளக்கங்கள் தேவைப்படுகின்றன. ஒன்று, அழுக்கு புதுப்பிக்கத்தக்க வளமா? இரண்டு, பூனை தங்கள் நிறுவனத்தில் நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்தப் பணியாளரா?"

கணவர் கடிதத்தை மடித்தார். "ஏம்மா, நாம எப்ப கம்பெனி ஆனோம்?"

"எனக்கு என்னங்க தெரியும்? புகையைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா பாருங்க."

"இல்ல. பூனையைப் பத்தித்தான் இருக்கு."

அக்கா அன்றைக்கே பதில் எழுதினார். அழுக்கு தினமும் புதிதாக வருகிறது. பூனை தானாக வந்தது. புகை இன்னும் வருகிறது.

பத்தொன்பதாம் தேதி லாரி வந்தது. கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே மலைபோலப் பிளாஸ்டிக்: குடம், பை, செருப்பு, உடைந்த நாற்காலி. ஓட்டுநர் கையில் ஒரு தாளோடு இறங்கினார்.

"நிறுவனம் முப்பத்தெட்டு நீங்கதானே அக்கா? உங்க பங்கு எட்டு டன்."

"அய்யோ, எங்கேப்பா கொட்டப் போறே? துணி துவைக்கவே இடமில்ல!"

"கொட்டறதா?" ஓட்டுநருக்கு முகம் வாடிவிட்டது. "அப்படியெல்லாம் சொல்லாதீங்க அக்கா. கையெழுத்து போட்டா போதும். இந்த லோடு மூணு வருஷமா என்கூடத்தான் இருக்கு. முப்பத்தேழு கம்பெனியும் வாங்கினதா எழுதியாச்சு, முப்பத்தேழு கம்பெனியும் எரிபொருளா மாத்தினதாவும் எழுதியாச்சு. அதோ அந்த நீல நாற்காலி இருக்கே, அது மட்டும் முப்பத்தேழு தடவை எரிபொருள் ஆகியிருக்கு. மத்தியானம் நான் அதுலதான் உட்கார்ந்து சாப்பிடுவேன்."

அக்காவும் கணவரும் நீல நாற்காலியை மரியாதையோடு பார்த்தார்கள்.

"அப்ப பின்னாடி கம்பெனிக்காரங்க எதைப்பா எரிக்கிறாங்க?"

"டீசல். இவங்ககிட்ட தினம் கொஞ்சம் நெசமாவே பிளாஸ்டிக் வருது அக்கா. அதைக் கொதிக்க வைக்கக் காலையில பத்து லிட்டர் டீசலை எரிப்பாங்க. சாயங்காலம் ஏழு லிட்டர் எண்ணெய் வரும்."

"அந்த ஏழு லிட்டரை என்ன பண்ணுவாங்க?"

"மறுநாள் காலையில அடுப்புக்கு ஊத்துவாங்க. மூணு லிட்டர் மட்டும் வெளியே வாங்குவாங்க." ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "எனக்கும் முதல்ல புரியலை. அப்புறம் விட்டுட்டேன்."

அக்கா கையெழுத்து போடவில்லை. தாளைத் திருப்பி, 'வாங்கவில்லை, லாரியிலேயே இருக்கிறது, நாற்காலி நன்றாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தார். ஓட்டுநர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, இதற்கு முன் யாரும் தன் நாற்காலியைப் பற்றி எழுதியதில்லை என்று சொல்லிக் கண் கலங்கினார்.

அதற்குள் இருபத்தைந்தாம் தேதி ஆகிவிட்டது. அக்கா ராக்கெட்டு வேகத்தில் துவைத்துப் பார்த்தார். ஒன்பது மணிக்கு முன்பே காயவைத்துப் பார்த்தார். வெயில் வரவில்லை. ஒவ்வொரு விரிப்பின் மேலும் இன்னொரு விரிப்பைப் போர்த்திப் பார்த்தார். அடியில் இருந்தது வெள்ளையாக இருந்தது, ஈரமாகவும் இருந்தது. கணவர் குடையைப் பிடித்துக்கொண்டு கயிறு கயிறாக ஓடினார். பத்துக் கயிற்றுக்கு ஒரு குடை போதவில்லை.

இருபத்தாறாம் தேதி இன்னொரு கடிதம் வந்தது. ஆண்டின் சிறந்த வெளிப்பாட்டுக்கான சான்றிதழை நிறுவன எண் முப்பத்தெட்டு பெறுகிறது. இருபத்தெட்டாம் தேதி காலை அலுவலகக் கூடத்துக்கு வரவும்.

"போய் என்ன ஆகப்போகுது? அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டா புள்ளி போயிடுமா?" என்றார் அக்கா.

"போயிட்டு வா. மைக் கொடுப்பாங்க இல்ல," என்றார் கணவர்.

கூடத்தில் முப்பத்தெட்டு நிறுவனங்களும் உட்கார்ந்திருந்தன. முதலில் பேசியவர் நிறுவன எண் பன்னிரண்டின் வெளிப்பாட்டு அதிகாரி. அவருக்கு 'எட்டுவோம் சார்' என்று பெயர். நடந்து முடிந்த எதையும் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"அன்பர்களே! நாங்கள் இலக்கை எட்டுவோம். எட்டிய பிறகு தாண்டுவோம். போன வருடம் இதே மேடையில், ஒரு லட்சம் லிட்டர் எரிபொருள் தயாரிப்போம் என்று சொன்னோம். இந்த வருடம் இரண்டு லட்சம் லிட்டர் தயாரிப்போம் என்று சொல்கிறோம். ஒரே வருடத்தில் நாங்கள் சொல்வது இரண்டு மடங்காகியிருக்கிறது!"

கைதட்டல் அடங்க நேரமானது. எட்டுவோம் சார் கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். உள்ளே மருந்து பாட்டில் அளவில் ஒரு பாட்டில். பாதியளவு மஞ்சளாக ஏதோ இருந்தது.

"இதோ, எங்கள் எரிபொருள்!"

"எரியுமா சார்?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"அருமையாக எரியும். ஆனால் எரிக்க முடியாது. ஒன்றுதான் இருக்கிறது."

அதற்கும் கைதட்டினார்கள். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். நூறு சார் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டார், கொடுக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு வேதனை தெரிந்தது.

"அம்மா, கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஐயம். இது என்னை நாலு நாளா தூங்க விடலை. உங்க படிவத்துல புகை உண்டுன்னு இருக்கு. ஆனா உங்ககிட்ட புகைபோக்கி இல்லை. புகைபோக்கி இல்லாம புகை எங்கிருந்து வரும்? அந்த இடம் கோப்புல காலியா நிக்குது."

"அதைத்தான் சார் மூணு வாரமா சொல்றேன். புகைபோக்கி இருக்கு. இவங்களோடது." அக்கா எட்டுவோம் சாரைக் காட்டினார்.

கூடம் முழுவதும் திரும்பியது. எட்டுவோம் சார் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"எங்கள் ஆலையில் புகைபோக்கி இல்லை. நாற்பத்தேழாம் பக்கம்."

"சுவருக்குப் பின்னாடி நிக்குதே, சிவப்பும் வெள்ளையுமா, அது உங்களோடது இல்லையா?"

"இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"மூன்று வருடமாக இல்லை. இனிமேலும் எங்களுடையதாக இருக்காது," என்றார் எட்டுவோம் சார். நூறு சார் அதை அப்படியே குறித்துக்கொண்டார். குறித்து முடித்ததும் மறுபடி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்களோடது இல்லை. சரி. அப்ப யாரோடது? காலியா விடக்கூடாதே."

அக்கா மேடையில் நின்றபடி பார்த்தார். சான்றிதழில் 'நிறுவனம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. 'ஒரு நிறுவனம் சொன்னா நாங்க ஏத்துக்குவோம்.' அன்றைக்கு இந்த மனிதர்தானே அதைச் சொன்னார். நாளை மறுநாள் முப்பதாம் தேதி.

"அது என்னோடது சார்," என்றார்.

"எது?"

"அந்தப் புகைபோக்கி. எழுத விட்டுப்போச்சு. எங்க நிறுவனத்தோடது."

நூறு சாரின் முகம் விளக்கு போட்டதுபோல ஆனது. எட்டுவோம் சார் எழுந்தார். வாயைத் திறந்தார். 'அது எங்களுடையது' என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அது இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இருக்கிறது என்று சொன்னால் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் திரும்ப அச்சடிக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

படிவக்காரம்மா அதற்குள் இன்னொரு படிவம் ஒன்பதோடு மேடை ஏறியிருந்தார். "பின்சேர்க்கைன்னு மேலே போட்டு எழுதுங்கம்மா. நிதானமா எழுதுங்க."

அக்கா எழுதினார். புகைபோக்கி, ஒன்று. உயரம், எங்கள் மொட்டை மாடியைப் போல நாலு மடங்கு. இருப்பிடம், சுவருக்கு அந்தப் பக்கம். தற்போதைய நிலை என்ற இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு 'மூடப்பட்டது' என்று எழுதினார்.

நூறு சார் படித்தார். "மூடியாச்சா?"

"மூடியாச்சு சார்."

"அப்ப சரி. விதிப்படி, மூடினதா வெளிப்படுத்தின புகைபோக்கிக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள எங்க ஆள் வந்து மூடி போட்டு முத்திரை வைப்பார். இல்லைன்னா வெளிப்பாடும் உண்மையும் வேற வேறயா ஆயிடும்."

"வேற வேறயா இருந்தா வெளிப்பாட்டை மாத்துவீங்களா சார்?"

"சேச்சே! உண்மையைத்தான் மாத்துவோம்."

"மூடி இருக்கா?"

"முப்பத்தேழு மூடி இருக்கும்மா. கம்பெனிக்கு ஒண்ணுன்னு செஞ்சு வெச்சோம். இதுவரைக்கும் ஒருத்தர்கூட மூடினதா சொன்னதில்லை." நூறு சாரின் குரல் தழுதழுத்தது. "நீங்கதான் முதல்."

முப்பதாம் தேதி காலை எட்டு மணிக்கே நூற்று நாற்பது விரிப்புகளும் கயிற்றில் ஏறிவிட்டன. எட்டரைக்கு முத்திரைக்காரர் வந்தார். குள்ளமான மனிதர், தலையில் ஒரு பெரிய இரும்பு மூடி. காவலாளி தடுத்தார்.

"எங்கே போறீங்க?"

"நிறுவனம் முப்பத்தெட்டோட புகைபோக்கிக்கு மூடி போட."

"அது எங்கே இருக்கு?"

முத்திரைக்காரர் மேலே கையைக் காட்டினார். காவலாளி மூன்று வருடத்தில் முதன்முறையாக அண்ணாந்து பார்த்தார். "அடேயப்பா," என்றார். பிறகு, "எங்களோடது இல்லைன்னா எனக்கென்ன. போங்க," என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

முத்திரைக்காரருக்கு உயரம் என்றால் பயம். இதுவரை மூடி போடும் வேலை வராததால் அது யாருக்கும் தெரியாமல் இருந்தது. ஒவ்வொரு படிக்கும் நின்று கண்ணை மூடிக்கொண்டார். அக்காவும் கணவரும் மாடியிலிருந்து, "ஏறுங்க அண்ணே, கீழே பார்க்காதீங்க!" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது அடிக்க ஐந்து நிமிடம். பாதிதான் ஏறியிருந்தார். ஒன்பது மணிக்கு உள்ளே அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது. குழாயின் வாயில் முதல் புகை எட்டிப் பார்த்தது.

"அண்ணே!" என்று அக்கா போட்ட சத்தத்தில் முத்திரைக்காரர் மீதிப் படிகளை எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. மூடி விழுந்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அங்கே ஓர் அதிகாரிக்கு முற்றுப்புள்ளி எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

வெளியே வர வழியில்லாத புகை வந்த வழியே திரும்பியது. கொஞ்ச நேரத்தில் ஆலையின் கதவுகளும் ஜன்னல்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டன. ஊழியர்கள் இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தார்கள். கடைசியாக எட்டுவோம் சார் வந்தார். கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளையாக இருந்தன. கையில் கண்ணாடிப் பெட்டி.

"என்ன சார், உள்ளே புகையா?" என்று காவலாளி கேட்டார்.

"புகை… இல்லை," என்றார் எட்டுவோம் சார். சொல்லி முடிக்க மூன்று இருமல் தேவைப்பட்டது. அடுப்பை அணைக்கச் சொல்லிக் கையால் சைகை காட்டினார்.

மாலையில் தலைமைச் செவிலியர் வந்து மாடி ஏறினார். ஒவ்வொரு விரிப்பாக வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒன்று, பத்து, ஐம்பது, நூறு.

"நூத்தி முப்பத்தொன்பதுதான் இருக்கு."

"ஒண்ணு இஸ்திரியில போச்சும்மா. முதல்ல காய்ஞ்சதை இஸ்திரி போடறப்ப இவர் பின்பக்கமே வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னுட்டார்."

கணவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். செவிலியர் கடைசி விரிப்பையும் இறக்கி மடித்தார்.

"புள்ளி இல்லை," என்றார். "நாளைக்கு வண்டி வழக்கம்போல வரும்."

மூன்று வாரம் கழித்து எட்டுவோம் சார் லாண்டரிக்கு வந்தார். காதோரத்தில் இன்னும் கொஞ்சம் கறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

"அக்கா, வெளியூரிலிருந்து பெரிய விருந்தினர்கள் வரப்போகிறார்கள். ஆலை ஓடுவதைக் காட்டுவோம் என்று சொல்லிவிட்டோம். உங்க புகைபோக்கியை ஒரே ஒரு நாள் இரவல் கொடுத்தால்…"

"அதுக்கென்ன, தாராளமா. ஆனா நாங்களும் கம்பெனி ஆச்சே. சும்மா கொடுக்க முடியாது. படிவம் இருக்கு."

அக்கா மேசை இழுப்பறையிலிருந்து பேனாவையும் ஒரு தாளையும் எடுத்துக் கொடுத்தார். தானே கோடு போட்டு எழுதிய படிவம். அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: 'எதை எரிக்கப்போகிறீர்கள்?'

எட்டுவோம் சார் பேனாவைத் திறந்தார். தாளைப் பார்த்தார். எழுதப் போனார், நிறுத்தினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இஸ்திரி மேசைக்குக் கீழே படுத்திருந்த பூனையைப் பார்த்தார். உள்ளே ஒரு இயந்திரம் துணியை அலசி முடித்து, பிழிந்தும் முடித்தது.

"இதுக்குக் கட்டாயம் பதில் எழுதணுமா அக்கா?"

"கட்டாயமெல்லாம் இல்லைங்க. எழுதலைன்னா மூடி திறக்காது, அவ்வளவுதான்."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எழுதுவோம்," என்றார்.

"எழுதுங்க," என்றார் அக்கா. "பேனாவைக் கொடுத்துட்டுப் போங்க, அது எங்களோடது."

வாங்கி இழுப்பறையில் வைத்துவிட்டு, காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனார். அந்த மாதத்திலிருந்து பதினோராவது கயிறு ஒன்று புதிதாக ஓடியது. அதன் ஒரு முனை மாடிச் சுவரில் இருந்தது. மறுமுனையைச் சுவருக்கு அந்தப் பக்கம், சிவப்பும் வெள்ளையுமாக இருந்த தன் புகைபோக்கியின் ஏணியில் அக்கா கட்டியிருந்தார்.